அமீரா, ஆதமா, யூசுப்பா: இரண்டு வீட்டுக்கும் ஒரு பெயர்

அக்கா மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். "மாமா, பொண்ணுன்னா மரியம், அதுல சண்டையே இல்ல. பையன்னா இதுல எது?" ஆறு பெயர்கள்: அமீர், உமர், தாமிர், தானியேல், ஆதம், யூசுப். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள். குழந்தைப் பெயர்களுக்கென்றே இருக்கும் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

எங்களுடையது தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம். மருமகன் காயல்பட்டினத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. கல்யாணத்தில் எழுந்த புகைச்சல் எல்லாம் அடங்கி, இப்போது இரண்டு பக்கமும் சம்பந்தி முறையாகப் பலகாரம் போய் வந்துகொண்டிருக்கிறது. பெயர் வைக்கிற விஷயத்தில் மறுபடி புகையக் கூடாது என்பதுதான் பிள்ளைகளின் கவலை. அதனால் பைபிள் பெயர்களின் மூலமொழியான எபிரேயத்திலும் அரபியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர் ஒன்றைத் தேடினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பட்டியலின் முதல் வரியே பாதி தப்பு. "அமீர்: எபிரேயம், அரபி, பொருள் இளவரசன்" என்று போட்டிருந்தது. அரபிக்கு அது சரி. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு இளவரசனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எபிரேயமும் அரபியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கின்றன. அதனால் இரண்டு மொழிப் பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதற்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரே ஆளின் பெயர் இரண்டு வாயில் இரண்டு விதமாக வந்திருக்கலாம். ஒரே வேர் இரண்டு மொழியிலும் வேறு வேறு பொருளுக்குப் போயிருக்கலாம். அல்லது வெறும் தற்செயலாக இருக்கலாம். பட்டியல் இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டிருந்தது. அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அமீரில் ஆரம்பிக்கிறேன், மருமகனுக்குப் பிடித்த பெயர் அதுதான். அரபியில் அலிஃப், மீம், ரா என்ற வேர் 'ஆணையிடு' என்று பொருள்படும். ஆணையிடுபவர் அமீர், அங்கிருந்து தளபதி, பிறகு இளவரசர். கலீஃபாக்களை 'அமீருல் மூமினீன்', அதாவது நம்பிக்கையாளர்களின் தலைவர் என்று அழைத்தார்கள். கடற்படை அட்மிரல் என்ற சொல்லும் இதே அமீரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதுதான். நாமும் 'ஐக்கிய அரபு அமீரகம்' என்று தினம் சொல்கிறோம். எபிரேயத்திலும் அதே மூன்றெழுத்து வேர் இருக்கிறது, ஆனால் அங்கே அதற்கு 'சொல்' என்று பொருள். அரபிக்காரர் ஆணையிட்டால் எபிரேயர் சும்மா சொல்கிறார்! 'அமீர்' என்ற எபிரேயச் சொல்லுக்கோ மர உச்சி என்று பொருள். பைபிளில் எசாயா நூலின் 17ஆம் அதிகாரத்தில், ஒலிவ மரத்தை உலுக்கி முடித்த பிறகும் உச்சிக்கொம்பில் இரண்டு மூன்று பழங்கள் மிஞ்சியிருக்குமே, அந்த உச்சிதான் அமீர். எனக்கு இந்தப் பொருள் ரொம்பப் பிடித்துவிட்டது. இளவரசனைவிட உச்சிக்கொம்பு எவ்வளவோ மேல்.

இதோடு முடியவில்லை. எபிரேயத்தில் இன்னொரு அமீர் உண்டு. அது ஆலெஃப் என்ற எழுத்தில் தொடங்காமல், தொண்டையிலிருந்து வரும் அயின் எழுத்தில் தொடங்கும். அறுத்துப் போட்ட கதிர் என்று அதற்குப் பொருள். இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் இந்த இரண்டு எழுத்தையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால், காதில் கேட்டு உச்சிக்கொம்பா கதிரா என்று பிரிக்க முடியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 1939இல் மேல் கலிலேயாவில் தொடங்கிய அமீர் என்ற கூட்டுப்பண்ணை கதிர் அமீர். 1941இல் பிறந்து 1996இல் டூரிங் விருது பெற்ற கணினி அறிஞர் அமீர் ப்னூவேலி உச்சிக்கொம்பு அமீர். 1995இல் இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டுக் கொன்றவனுடைய குடும்பப் பெயரும் அமீர்தான், கதிர் அமீர். ஒரு பெயரை யார் யார் சுமந்தார்கள் என்று தேடிப் போனால் இப்படியும் சில ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அப்புறம் நம்மூரில் ஒரு குழப்பம். "ஆமிர் கான் பெயர்தானே?" என்று அக்கா கேட்டாள். இல்லை. நடிகரின் பெயர் ஆமிர், அயினில் தொடங்குவது. குடியிருப்பவன், செழிக்கச் செய்பவன் என்பது அதன் பொருள். தமிழில் நமக்கு அயின் கிடையாது, ஆனால் குறில் நெடில் இருக்கிறது. அமீர், ஆமிர் என்று எழுதினால் பிரிந்துவிடும்.

இந்த ஆமிரைப் பிடித்துக்கொண்டே போனால் உமர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும். இரண்டும் அயின், மீம், ரா என்ற ஒரே வேர். அரபியில் அது வாழ்வையும் ஆயுளையும் குறிக்கிறது. 'உம்ர்' என்றாலே ஆயுள், வயது. எபிரேயத்தில் அதே மூன்றெழுத்து கதிர்க்கட்டாகிவிட்டது. கதிர் அமீர் ஒன்று, இன்னொன்று ஓமெர். வாற்கோதுமைக் கதிர்க்கட்டு ஓமெர். ஒரு முகத்தலளவைக்கும் அதே பெயர். பாலைவனத்தில் வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவைப் பொறுக்கியவர்கள் ஆளுக்கு ஓர் ஓமெர் எடுத்தார்கள் என்று பைபிளின் விடுதலைப் பயண நூலில் வருகிறது. பாஸ்காவிலிருந்து அறுவடைத் திருநாள் வரை யூதர்கள் 49 நாளை எண்ணுவதற்குப் பெயரே ஓமெர் எண்ணிக்கை. இன்று இஸ்ரேலில் பிள்ளைகளுக்கு ஓமெர் என்று பெயர் வைப்பது சாதாரணம். எபிரேய எழுத்தில் ஓமெரையும் உமரையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். நடிகர் உமர் ஷெரீஃபின் பெயரை எபிரேயத்தில் எழுதினால், விவரம் தெரியாதவர் ஓமெர் ஷெரீஃப் என்றுகூட வாசிக்கலாம். அந்த ஷெரீஃப் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் மிஷேல் என்ற பெயரோடு பிறந்தவர். பிறகு இஸ்லாத்துக்கு மாறி, நடிகை ஃபாதின் ஹமாமாவை 1955இல் மணந்தார்.

அர்த்தத்தைப் பார்த்தால் உமர் பிரமாதம். ஒரு பக்கம் ஆயுள், ஒரு பக்கம் கதிர்க்கட்டு. ஆனால் தமிழ்நாட்டில் உமர் என்றால் ஓமெர் யார் நினைவுக்கும் வரமாட்டார். இரண்டாம் கலீஃபாதான் வருவார். எங்கள் பக்கத்து எட்டயபுரத்திலேயே உமறுப் புலவர் இருக்கிறார். அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு அது முழுக்க அந்த வீட்டுப் பெயராகத்தான் படும். ஷியா குடும்பங்களில் உமரைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள் என்பதையும் சொல்லி வைத்தேன். மருமகன் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல அந்தப் பிரச்சினை இல்ல மாமா" என்றார்.

தாமிரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரபியில் தாமிர் என்றால் பேரீச்சம்பழம் நிறைய உடையவர். எபிரேயத் தமீர் என்றால் நெடுநெடுவென நிமிர்ந்து நிற்பவன். பேரீச்சை மரத்துக்கு எபிரேயத்தில் தாமார், பழத்துக்கு அரபியில் தமர். நம் புளியைப் பார்த்த அரபு வியாபாரிகள் 'தமர் ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். இங்கிலீஷ்காரர்கள் புளிக்குச் சொல்லும் பெயர் அங்கிருந்து வந்தது. இதையெல்லாம் ஆசையாக எழுதி அனுப்பினேன். அக்கா மகளிடமிருந்து ஒரே வரி பதில்: "எல்லாரும் தாமிரபரணின்னு கூப்பிடுவாங்க." போயிற்று. பட்டியலில் இல்லாத சாமி என்ற பெயரை அவள் தோழி சொன்னாளாம். அரபியில் உயர்ந்தவன் என்று பொருள். பாக்தாதில் பிறந்து இஸ்ரேலில் எழுதிய சாமி மைக்கேலின் பெயர் அது. தமிழ்நாட்டில் ஒரு பையனுக்குச் சாமி என்று வைத்துவிட்டு அது அரபி என்று யாரிடம் போய் விளக்குவது?

தானியேலில் தற்செயலுக்கு இடமில்லை. ஒரே ஆளின் பெயர். 'கடவுள் என் நடுவர்' என்பது அதன் எபிரேயப் பொருள். அரபியிலும் பாரசீகத்திலும் தானியால். அக்பரின் மகன் ஒருவருக்கும் அந்தப் பெயர்தான். இரானில் சூசா நகரத்தில் தானியேலின் கல்லறை என்று ஓர் இடத்தை யூதர்களும் முஸ்லிம்களும் வழிபடுகிறார்கள். சமர்கந்திலும் ஒன்று இருக்கிறது. அங்கே சமாதிப் பெட்டி சுமார் 18 மீட்டர் நீளம். உள்ளே இருப்பவர் ஆண்டுதோறும் வளர்கிறார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இவ்வளவு இருந்தும் ஒரு குறை: குர்ஆனில் தானியால் பெயர் வரவில்லை. மருமகனின் உம்மா அதைத்தான் முதலில் கேட்டார்கள். எங்கள் பக்கம் இதற்கு நேர் எதிர். தானியேல் என்று சொன்னால் கோயில் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உமர் அந்தப் பக்கம் சாய்ந்த அளவு இது இந்தப் பக்கம் சாய்கிறது.

கடைசியில் நின்றவை ஆதமும் யூசுப்பும்.

எபிரேயத்தில் ஆதாம் என்பது பெயராக இருப்பதற்கு முன்பே ஒரு பொதுச்சொல்: மனிதன். 'அதாமா' மண், 'அதோம்' சிவப்பு. செம்மண்ணில் செய்தவன் என்று பைபிளின் தொடக்கநூல் அந்தச் சொல்லை வைத்தே விளையாடுகிறது. அரபியில் ஆதம், 'அதீம்' என்றால் தரையின் மேற்பரப்பு, அதிலிருந்து வந்த பெயர் என்பது அங்குள்ள மரபு விளக்கம். குர்ஆனில் இந்தப் பெயர் 25 இடங்களில் வருகிறது. இந்தி பேசுபவர்கள் ஆளை 'ஆத்மி' என்பதும் இந்த ஆதமிலிருந்து வந்ததே. இலங்கையில் 2,243 மீட்டர் உயர மலை ஒன்றை நாம் சிவனொளிபாதம் என்கிறோம். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. 1344இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா அதில் ஏறியிருக்கிறார்.

சுருக்கமான பெயர், பொருளும் கனமானது, இன்று உலகம் முழுக்கச் செல்லுபடியாகும். இஸ்ரேலில் யூதர்களும் அரபிகளும் பிள்ளைகளுக்கு விரும்பி வைக்கிறார்கள். பிறகு என்ன தடை? எங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். கத்தோலிக்கர் காதில் ஆதாம் என்றதும் பழமும் பாம்பும்தான் விழும். ஞானஸ்நானப் பூசையில் சாமியார் 'ஆதாமின் பாவம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆதாமே தொட்டிலில் அழுதுகொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டாள். இஸ்லாத்தில் அப்படி இல்லை. ஆதம் முதல் நபி. தப்பு செய்தார், மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார், அத்தோடு முடிந்தது. யூதர்களும் பழைய காலத்தில் இந்தப் பெயரை வைத்ததாக அதிகம் காணோம், இப்போதைய வழக்கம்தான். ஆள் ஒருவர்தான், ஆனால் இரண்டு வீட்டிலும் அவருடைய மரியாதை ஒன்றில்லை.

ஒரே ஆள், ஒரே பெயர் என்றாலும் ஒரு வீடு அதைக் கைவிட்டுவிடலாம். இஸ்மாயிலைப் பாருங்கள். 'கடவுள் கேட்பார்' என்று எபிரேயத்தில் அவ்வளவு அழகான பொருள். 2ஆம் நூற்றாண்டில் ரபி இஸ்மவேல் என்று பெரிய யூத அறிஞர் ஒருவர் இருந்தார். வேத விளக்கத்துக்கு அவர் பெயரில் வழங்கும் 13 விதிகளை யூதர்கள் இன்றும் காலை வேண்டுதலில் சொல்கிறார்கள். ஆனால் இஸ்லாம் பரவிய பிறகு காலப்போக்கில் யூதக் குடும்பங்களில் அந்தப் பெயர் அருகிப்போனது. நம்மூரில் காயிதே மில்லத் இஸ்மாயிலை அறியாதவர் இல்லை; கத்தோலிக்க இஸ்மவேல் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

யூசுப்பை இரண்டு பக்கமும் கைவிடவில்லை. என் ஓட்டு ஆரம்பத்திலிருந்தே அதற்குத்தான்.

பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்த ராகேலுக்கு மகன் பிறக்கிறான். தொடக்கநூல் 30ஆம் அதிகாரத்தில் அவள் பெயர் வைக்கும்போது இரண்டு சொல்லை வைத்து விளையாடுகிறாள். கடவுள் என் இழிவை 'அசாஃப்', எடுத்துப் போட்டார். இன்னொரு மகனை எனக்கு 'யோசேஃப்', சேர்த்துத் தருவாராக. எடுப்பதும் சேர்ப்பதும் ஒரே பெயருக்குள். அரபியில் யூசுப் என்ற பெயருக்கு அரபி வேர் கிடையாது. வெளியிலிருந்து வந்த பெயர் என்று இலக்கணக்காரர்கள் தனி வகையில் வைத்திருக்கிறார்கள், சாதாரண அரபிப் பெயர்போல் அதன் ஈறு திரியாது. இணையதளங்களில் போட்டிருக்கிற 'அரபியில் பொருள்' எல்லாமே எபிரேயப் பொருளைக் கடன் வாங்கியவைதான். ஆனால் குர்ஆன் என்ன செய்கிறது தெரியுமா? 12ஆம் அத்தியாயத்துக்கே யூசுப் என்று பெயர், 111 வசனங்கள். அதில் 84ஆம் வசனத்தில், மகனைப் பறிகொடுத்த யாகூப் 'யா அசஃபா அலா யூசுஃப்' என்று புலம்புகிறார்: யூசுப்பை நினைத்து என் துயரமே. அரபியில் 'அசஃப்' துயரம். எபிரேயத்தில் தாய் 'அசாஃப்' என்று சொல்லிச் சிரித்து வைத்த பெயரை, அரபியில் தகப்பன் 'அசஃப்' என்று சொல்லி அழுகிறார். பொருள் வேறு, ஒலி அதே. இதைக் கண்டபோது ராத்திரி பதினொன்றரை மணி. அக்கா மகளை எழுப்பிச் சொன்னேன். "தூங்குங்க மாமா" என்றாள்.

இந்தப் பெயரைச் சுமந்தவர்களும் பெரிய கூட்டம். 1187இல் எருசலேமைப் பிடித்த சலாவுத்தீனின் சொந்தப் பெயர் யூசுப், தகப்பன் பெயர் அய்யூப். நம் பேச்சில் சொன்னால் யோபின் மகன் யோசேப்பு. கெய்ரோ கோட்டைக்குள் அவர் காலத்தில் வெட்டிய ஆழக்கிணற்றை இன்றும் யூசுப் கிணறு என்கிறார்கள்; விவரம் தெரியாதவர்கள் அது பைபிள் யோசேப்பு தண்ணீர் குடித்த கிணறு என்று நம்பிவிடுவதும் உண்டு. மதுரையை ஆண்டு 1764இல் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் முகமது யூசுப் கான். அதற்கெல்லாம் முன்னே, கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுங்கல்லூர்ப் பக்கத்து யூத வணிகர் தலைவன் ஒருவனுக்குச் செப்பேடு கொடுத்து 72 உரிமைகள் வழங்கினான். அவன் பெயர் வட்டெழுத்தில் 'இஸ்ஸுப்பு இரப்பான்'. யோசேஃபின் கடைசி ஃபகரம் நம் வாயில் நுழையாமல் 'ப்பு' ஆகி ஆயிரம் வருஷமாகிறது.

இஸ்ரேலில் 2014இல் அரசு அலுவலகம் ஒன்று அந்த ஆண்டின் பிரபலமான ஆண் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் யோசேஃப். உண்மையில் முதலிடம் முகமதுக்கு. எபிரேயப் பெயர்களை மட்டும் கணக்கிட்டோம் என்று பிறகு விளக்கம் வந்தது. வேடிக்கை அதில் இல்லை. எபிரேய எழுத்தில் யோசேஃபும் யூசுப்பும் ஒன்றே. அதனால் முகமதுவை விட்டுவிட்டவர்களால்கூட அரபி யூசுப்புகளைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. யோசேஃபின் முதலிடத்தில் அவர்களும் சேர்ந்தே இருந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆதம் பாஸ்போர்ட்டில் ஒரே மாதிரி விழும். யூசுப் அப்படி இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து ஸ்பெல்லிங் திரிகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று போய்விட்டால் பையன் பின்னால் அலைவான். எதையாவது ஒன்றை முதல் நாளே முடிவு செய்து எல்லாத் தாளிலும் அதையே போட வேண்டும். இன்னொன்று, பெயரைக் கேட்டதும் வெளியாட்கள் அவனை முஸ்லிம் என்றே எடுத்துக்கொள்வார்கள். உமருக்குச் சொன்ன குறைதானே இது என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் கேட்டாள்.

அப்போதுதான் ஒரு வழி யோசித்தேன். எங்கள் கத்தோலிக்கப் பெரியவர்கள் பெயரை ஒலியாக மட்டும் வாங்கவில்லை, பொருளாகவும் வாங்கினார்கள். யோகனான் என்றால் 'கடவுள் அருளினார்'. அதை அருளப்பன் என்றார்கள். பவுல் என்றால் சிறியவன், சின்னப்பன் என்றார்கள். அதே வழியில் 'சேர்த்துத் தருவான்' என்பதை ஒரு தமிழ்ப் பெயராக்கிவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சில்லை அல்லவா? ஒரு சாயங்காலம் முழுக்க எழுதிப் பார்த்தேன். கூட்டப்பன், சேர்ப்பன், பெருக்கன். ஒன்றையும் வெளியில் சொல்ல முடியாது.

எழுதின தாளை அக்காவிடம் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "யோசேப்புக்கு நம்ம ஆளுங்க ஏற்கெனவே ஒரு பேர் வச்சிருக்காங்களேடா" என்றாள். சூசை. ஊரெல்லாம் சூசையப்பர் கெபி இருக்கிறது, மார்ச் 19 திருவிழா எடுக்கிறோம். எங்கள் அப்பா பெயரே சூசை. இரண்டு வாரமாக எசாயாவையும் அரபி அகராதியையும் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, யூசுப் என்பது அப்பாவின் பெயர் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், பேரன் என்கிறோம். இவன் கொள்ளுப்பேரன்.

பையன் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. பிறப்புப் பதிவில் பெயர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மருமகனுக்கு உச்சிக்கொம்பு அமீர்மேல் இன்னும் ஒரு கண் இருக்கிறது. அவர் உம்மா போன வாரம் வந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டு, யாரையும் கேட்காமல் "ஈசுப்பு" என்று கொஞ்சினார்கள். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "சூசை முழிச்சிட்டானா?" என்றாள்.